பூங்காக் கழிப்பறையின் சாவி

வெளியே கிளம்புகிற நாட்களில் காலையிலிருந்தே நான் தண்ணீர் குடிப்பதில்லை. காப்பி அரை டம்ளர். இட்லிக்குச் சாம்பாரைக்கூடக் கெட்டியாகப் பார்த்துத்தான் ஊற்றிக்கொள்வேன். சின்ன வயதில் போலியோ வந்ததில் இரண்டு கால்களும் மெலிந்துவிட்டன. அக்குளில் கட்டைகளை ஊன்றிக் கொஞ்ச தூரம் நடப்பேன். அதற்கு மேல் போவதற்குப் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் இருக்கிறது. அதில் நான் முத்தியால்பேட்டைச் சந்துகளில் போகிற வேகத்துக்கு மாடுகளே ஒதுங்கி வழிவிடும். ஆனால் கழிப்பறை என்று வரும்போது அந்த வேகம் எதற்கும் உதவாது. குந்தி உட்கார என் கால்களுக்குத் தெரியாது. நாற்காலி உயரத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், வாசலில் படி இருக்கக் கூடாது. இவை மூன்றும் ஒரே இடத்தில் சேர்வது அபூர்வம்.

அதனால் எங்கே போனாலும் எனக்குத் தெரிந்த கழிப்பறைகளை ஒட்டியே என் பயணம் அமையும். உழவர்கரைப் பக்கம் போனால் தம்பி பெண்டாட்டியின் அம்மா வீடு. ஆஸ்பத்திரிப் பக்கம் என்றால் தரைத்தளத்தில் ஒன்று உண்டு, நோயாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய்விடலாம். கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டல். அங்கே சும்மா நுழையக் கூச்சமாக இருக்கும், ஒரு காப்பி சொல்லிவிடுவேன். காப்பியைக் குடித்துவிட்டு வீடு திரும்புவதற்குள் மறுபடியும் அதே பிரச்சினை வந்துவிடும். அந்த ஓட்டல்காரர்கள் நான் அவர்களுடைய காப்பிக்கு அடிமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை, புதுத் தூள் போட்டிருக்கிறோம், எப்படி இருக்கிறது என்று சர்வர் நின்று கேட்டார். நான் கழிப்பறையை மனதில் வைத்து, பிரமாதம் என்றேன்.

என் சிநேகிதி ஒருவர் கருவடிக்குப்பத்தில் இருக்கிறார். என்னைவிட வயதில் மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சர் என்பார், வீட்டில் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு ட்யூஷன் எடுக்கிறேன் என்பதால். அக்காவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வடக்கே கடலோரக் குப்பத்தில், மீன் விற்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்கு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இது பேக்கரி, இது மெக்கானிக் ஷெட், இதோ உங்க கோயில் பக்கத்துச் சாக்கடை என்று ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே வருவார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் நாங்கள் இருவரும் ஒரு பூங்காவுக்குப் போவது வழக்கம். அக்காவுக்கு நடக்க வேண்டும், எனக்குப் பேச வேண்டும்.

அந்தப் பூங்காவில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வசதியும் இல்லை என்று நாங்கள் பல பேர் சேர்ந்து பல தடவை நகராட்சி ஆபீசுக்குப் போய்ச் சொல்லியிருந்தோம். போகும்போதெல்லாம் செய்துவிடலாம் என்று நாற்காலி போட்டு உட்காரவைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருநாள் நிஜமாகவே வேலை ஆரம்பித்துவிட்டது. வாசலில் சாய்தளம் வந்தது. கண் தெரியாதவர்கள் கால் வைத்துத் தடம் அறிவதற்கு மேடு வைத்த மஞ்சள் ஓடு பதித்தார்கள். ஒரு மூலையில், சக்கர நாற்காலிப் படம் வரைந்து, கைப்பிடி எல்லாம் வைத்து, எங்களுக்கென்றே ஒரு கழிப்பறை கட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். அக்காவை மஞ்சள் ஓட்டின் மேல் நடந்து காட்டச் சொன்னார்கள். அவர் தடியைத் தட்டிக்கொண்டு கம்பீரமாக நடந்தார். ஓடு அவரை நேராகக் கொண்டுபோய் ஒரு ஐஸ்கிரீம் வண்டியில் நிறுத்தியது. வண்டிக்காரர் நிழல் பார்த்து அங்கே நிறுத்தியிருக்கிறார். எல்லாரும் பதறிப்போனார்கள். அக்கா வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, சரியான இடத்துக்குத்தான் கூட்டிக்கிட்டு வந்திருக்கு என்றார். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கோன் ஐஸ் இலவசமாகக் கிடைத்தது.

கழிப்பறைக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ அந்த நேரம் உள்ளே போயே ஆக வேண்டிய நிலைமை. ஆனால் அத்தனை பேர் சுற்றி நிற்கும்போது, நகருங்கள் என்று எப்படிச் சொல்வது? சால்வையோடு சிரித்துக்கொண்டே நின்றேன். அந்தப் படத்தை இன்றைக்குப் பார்த்தாலும் என் முகத்தில் நாட்டுப்பற்று மாதிரி ஒரு தீவிரம் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு முழு டம்ளர் காப்பியும் ஒரு செம்புத் தண்ணீரும் குடித்துவிட்டுக் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார். பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தால் கழிப்பறைக் கதவில் பெரிய பூட்டு. வாட்ச்மேனிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், எழுந்து நின்றே பதில் சொன்னார். சாவி தன்னிடம் இல்லை, ஆபீசில்தான் இருக்கும், இன்றைக்கு ஆபீஸ் லீவு. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, வண்டியத் திருப்புங்க டீச்சர், எங்க வீட்டுக்குப் போயிடலாம் என்றார். அவர் வீட்டில் அப்போது இரண்டு படி உண்டு. அதை எப்படி ஏறினேன் என்று எனக்கே நினைவில்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனோம். அங்கே ஒரு இளம் என்ஜினியர் இருந்தார். விழாவில் எங்களுக்குச் சால்வையை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். சாவி கான்ட்ராக்டரின் ஆளிடம் இருக்கும் என்றார். கான்ட்ராக்டரின் ஆளுக்கு அங்கிருந்தே போன் போட்டார். அந்த ஆள், நான் அன்றைக்கே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேனே என்றார். மறுபடியும் பூங்காவுக்குப் போனோம். வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"ஆமா மேடம், குடுத்தாங்க. கூட்டுற அம்மா வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. எங்கிட்ட கேட்டீங்களே, அப்ப ஞாபகம் வரல."

கூட்டுகிற அம்மா காலை வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். வீடு எங்கே என்று கேட்டால் கருவடிக்குப்பம். வாட்ச்மேன் அடையாளம் சொல்லச் சொல்ல அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அது அவர் வீட்டுக்கு அடுத்த தெரு. அந்த அம்மா சங்கரா மீன் குழம்பு வைக்கிற நாளெல்லாம் தனக்குத் தெரியும் என்றார்.

நாங்கள் போனபோது அந்த அம்மா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியாக, விறைப்பாக இருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி அங்கே ஊக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார். எனக்காக என்றேன். என்னை, என் கட்டைகளை, வாசலில் நின்ற ஸ்கூட்டரை எல்லாம் ஒரு முறை பார்த்தார்.

"அந்த வெஸ்டர்ன்ல உக்காரத் தெரியுமா? மேல ஏறி குந்திக்கிறாங்கம்மா. வேற எடத்துல பாத்து எனக்குப் போதும்னு ஆயிடுச்சி."

"எனக்கு அது மட்டுந்தாம்மா தெரியும்."

அவர் முகம் கொஞ்சம் இளகியது. செருப்பை மாட்டிக்கொண்டு, வாங்க என்று எங்களுக்கு முன்னால் நடந்தார். நடுப்பகல் வெயிலில் அவர் நடக்க, நான் அவர் பின்னால் நடைவேகத்துக்கு ஸ்கூட்டரை ஓட்ட, அக்கா பின்னால் குடை பிடிக்க, ஏதோ ஊர்வலம் போவது போலப் பூங்காவுக்குப் போனோம்.

பூட்டைத் திறந்தார். நான் கட்டைகளை ஊன்றி உள்ளே போனேன், அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளை ஓடு பளபளத்தது. குழாய் பளபளத்தது. இரண்டு பக்கமும் எவர்சில்வர் கைப்பிடி, அதில் என் முகம் நீளமாகத் தெரிந்தது. ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மணி பிளான்ட். சுவரில் பூனைக்குட்டிப் படம் போட்ட பழைய காலண்டர். திறப்பு விழாவுக்கு வாங்கிய பூந்தொட்டிகளில் இரண்டு அங்கேதான் இருந்தன. யாருமே உபயோகிக்காத அந்த இடத்தை அவர் தினமும் கழுவியிருக்கிறார். என் அப்பா கழிப்பறையைக் கடைசி வரைக்கும் பிரெஞ்சில் கபினே என்றுதான் சொல்வார். பிரான்சில் இருக்கிற என் பெரியப்பா மகன்கள் லீவுக்கு வரும்போதெல்லாம் அவர்கள் ஊர்க் கபினேக்களைப் பற்றிப் பேசிப் பேசியே எங்களை ஏங்கவைப்பார்கள். அவர்களை இங்கே ஒரு தடவை கூட்டிவர வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

எப்படி இருக்கிறது என்று அக்கா வெளியிலிருந்து கேட்டார். வர மனசில்லை என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா முதன்முதலாகச் சிரித்தது கேட்டது.

பிறகு மூவரும் மர நிழலில் உட்கார்ந்து பேசினோம். அவர் ஏன் பூட்டி வைக்கிறார் என்று சொன்னார். பூங்கா முழுவதற்கும் அவர் ஒருவர்தான். காலையில் வந்து உச்சிவேளைக்குள் போய்விடுவார், ஞாயிறு விடுமுறை. திறந்து வைத்தால் மறுநாள் காலையில் அதன் நிலைமையைப் பார்க்கிற தெம்பு தனக்கு இல்லை என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாங்கள் வருவதோ ஞாயிற்றுக்கிழமை. கடைசியில், எனக்கு மட்டும் ஒரு மறுசாவி போட்டுக்கொள்ளலாம் என்று சம்மதித்தார். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். நானும் தலையாட்டினேன்.

சாவி என் கையில் இருக்கிறது என்ற செய்தி எப்படிப் பரவியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. முதலில் வந்தவர் பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் சரியாக வராத, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், பாதி நடையில் வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது, ஓடவும் முடியவில்லை என்றார். அவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? அடுத்து ஒரு தாயார். வளர்ந்த மகனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறவர். அந்த மகனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது, மரத்தடியில் துணி மறைத்துக்கொண்டு நிற்க முடியுமா? அவருக்கும் கொடுத்தேன். மாலையில் நான் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு வினைச்சொற்களை ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் மணி அடிக்கும். ஸூ ஸ்வீ, த்யூ எ என்று பாதியில் நிறுத்திவிட்டு ஒரு பிள்ளை எழுந்துபோய்ச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, இல் எ என்று தொடரும். வீட்டுக்காரர் சாவியை மாட்டுவதற்கென்று வாசல் பக்கம் ஒரு ஆணி அடித்துக்கொடுத்தார். உங்க வீடு இப்ப கிளை ஆபீஸ் ஆயிடுச்சி என்றார் அக்கா.

தாங்க முடியாமல் போனபோது நான் சாவிக்கடைக்குப் போய், ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட மறுசாவிகள் போட்டேன். கடைக்காரர் ஒரே சாவியில் இத்தனையா என்று சந்தேகமாகப் பார்த்தார். கழிப்பறைச் சாவி என்று சொன்ன பிறகு இன்னும் சந்தேகமாகப் பார்த்தார்.

ஒருநாள் காலையில் அந்த அம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. யாரோ செருப்போடு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், பிளாஸ்டிக் மூடி விரிசல் விட்டுவிட்டது, மணி பிளான்ட் பாட்டில் கீழே விழுந்து உடைந்துவிட்டது. கால் நன்றாக இருக்கிற ஆள்தானே மேலே ஏற முடியும் என்றார். கொடுத்த சாவிகளின் கணக்கைச் சொன்னேன். அவர் கோபத்தில் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். தண்ணி குடுங்க என்று வாங்கிக் குடித்துவிட்டு, ஞாயித்துக்கிழம நானும் வர்றேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கழிப்பறைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த அம்மா விடுமுறை நாளுக்காக நல்ல புடவை கட்டி வந்திருந்தார். கதவைத் திறந்து காட்டினார். அக்கா வாசலில் நின்று மூச்சை இழுத்தார். பினாயிலுக்கு மேல் கோடாலித் தைல வாசனை வருகிறது என்றார். பிறகு பெஞ்சில் வந்து உட்கார்ந்து, நடைப்பயிற்சி போகிறவர்கள் ஒவ்வொருவரும் எங்களைக் கடக்கும்போது மூக்கை நிமிர்த்தினார். டால்கம் பவுடர் போனது. சந்தன சோப்பு போனது. வேகமாகக் கையை வீசிக்கொண்டு வெள்ளை ஷூ போட்ட ஒருவர் வந்தார். அக்கா என் கையை அழுத்தினார்.

அவரை நிறுத்தினேன். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சாவி வைத்திருக்கிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன். மனிதர் சிவந்துபோனார். கணக்கு வாத்தியார் அவருடைய நண்பர், அவரிடம் வாங்கியிருக்கிறார். நாங்கள் மூன்று பெண்களும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவருக்கு நாக்கு குழறியது.

"சுகர் இருக்கு மேடம் எனக்கு. அடிக்கடி வருது. அந்தப் பக்கம் இருக்கற பொதுக் கக்கூஸ்ல மாசக்கணக்கா தண்ணியே வரல. நான் எங்க போறது, சொல்லுங்க."

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். ஆனால் கிளம்பும் முன் அரை டம்ளர் காப்பியோடு நிறுத்திக்கொள்கிற ஆளா என்று கேட்கத்தான் தோன்றியது. கேட்டேன். அவர் காப்பியையே விட்டுவிட்டாராம். பொதுக் கழிப்பறையின் மோட்டார் எரிந்துபோனதிலிருந்து பூங்காவுக்கு வருகிற பாதிப் பேர் இப்படித்தான் திண்டாடுகிறார்கள் என்று சொன்னார். அந்த அம்மா, நான் தினமும் இங்கேயிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கி அங்கே ஊற்றுகிறேன், அது எத்தனை நேரத்துக்கு வரும் என்றார். அங்கே தண்ணீர் வந்தால் இங்கே யாரும் வரப்போவதில்லை என்பது பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லாருக்கும் அப்போது ஒரே நேரத்தில் புரிந்தது. கோடாலித் தைலக்காரர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூடிக்கு நான் பொறுப்பு என்றார். அந்த அம்மா, பாட்டிலுக்கும்தானே என்றார். அதற்கும் தலையாட்டினார்.

அந்த வாரம் நாங்கள் ஆபீசுக்குக் கூட்டமாகப் போனோம். நானும் அக்காவும், கணக்கு வாத்தியார், மகனோடு அந்தத் தாயார், இவர்களோடு வெள்ளை ஷூ போட்ட நடைப்பயிற்சிக்காரர்கள். இத்தனை நாளும் நாங்கள் தனியாகப் போவோம், அவர்கள் தனியாகப் போவார்கள். என்ஜினியர் நாற்காலி போட்டு மாளவில்லை. மோட்டாரைச் சரி செய்துவிடலாம், மாலை நேரத்துக்கு இன்னொரு ஆள் கேட்டால்தான் கஷ்டம், மேலே எழுத வேண்டும் என்றார். எழுதுங்கள் என்றோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அக்கா தினமும் காலையில் ஆபீஸ் திறந்ததும் போன் செய்ய ஆரம்பித்தார். வங்கியில் அத்தனை வருடம் பேசிய குரல் அவருக்குள் அப்படியே இருந்தது. வணக்கம், பூங்கா மோட்டார் விஷயமாகப் பேசுகிறேன், லைனில் இருங்கள் என்பார். எதிர்முனையில் இருப்பவர் பெரிய இடத்திலிருந்து வருகிற போன் என்று நினைத்து லைனிலேயே இருப்பார். அக்கா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, மோட்டார் எந்த நிலைமையில் இருக்கிறது என்று கேட்பார். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. யார் பேசுகிறீர்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை.

மோட்டார் வந்தது. மாலை ஆளுக்கு ரொம்ப நாள் ஆனது. நடுவில் நாங்கள் நம்பிக்கை இழந்து, நான் மறுபடியும் கெட்டிச் சாம்பாருக்குத் திரும்பியிருந்தேன். பிறகு மாலைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு பெண் வந்து சேர்ந்தார். அந்த அம்மாதான் அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்ததை விட மிரட்டியதுதான் அதிகம் என்று வாட்ச்மேன் சொன்னார். ஒரு மாதம் போல இருவரும் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு பூட்டை எடுத்துவிட்டார்கள், உள்தாழ்ப்பாள் மட்டும். எங்களிடம் இருந்த சாவிகள் எதையும் திறக்காத சாவிகளாகிவிட்டன. என் வாசல் பக்கத்து ஆணியில் இப்போது வீட்டுக்காரர் தன் தொப்பியை மாட்டுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, இரண்டு டம்ளர் காப்பியும் குடித்துவிட்டு நான் அவசரமாகப் போனேன். உள்ளே ஆள் இருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். இருங்க, இருங்க என்று கணக்கு வாத்தியாரின் குரல் வந்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் மகனைத் தள்ளிக்கொண்டு அந்தத் தாயாரும் வந்து நின்றார். பையனுக்கு அவசரம், நாங்கள் முன்னால் போகட்டுமா என்று கேட்டார்.

"எனக்கும் அவசரந்தாங்க" என்றேன்.

பிறகு என்ன செய்வது, விட்டுக்கொடுத்தேன். உள்ளே வாத்தியார் யாரிடமோ போனில் பேரன் மார்க்கைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். நானும் அந்தப் பையனும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவன் முதலில் சிரித்தான். நான் கட்டையால் கதவை இன்னொரு தட்டு தட்டினேன்.